ஏழாம் எண் துரை

1

"துரை படத்தைக் கீழ இறக்குங்க. பின்னாடி என்ன இருக்குன்னு பாக்கணும்."

நான் இப்படிக் கேட்டதில் பிறந்த கதை இது. கேட்கவே கூடாது என்று சொல்லித்தான் வளர்த்தார்கள்; பின்பக்கம் பார்த்தால் கண் அவிந்துவிடுமாம். கண்டரமாணிக்கத்தில் எங்கள் வகையறாவின் முதல் பட்டதாரி நான். பி.ஏ. சரித்திரம். கண் போனால் போகட்டும் என்று கேட்டேன்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘பிரெஞ்சுக் கப்பலிலிருந்து இறங்கிய அந்த வெள்ளை வீரன், நாற்று நட்டுக்கொண்டிருந்த என் பூட்டனின் தாயைக் கண்டதும்—’

அடித்துவிட்டேன். கண்டரமாணிக்கத்துக்குக் கப்பல் வராது.

எங்கள் வீட்டுச் சுவரில் கண்ணாடி போட்ட படம் ஒன்று. தொப்பி, மீசை, மார்பில் பதக்கம். என் பூட்டன் மாயக்கண்ணன் இந்தப் பிரெஞ்சுத் துரைக்குப் பிறந்தவர் என்பது அப்பா கோட்டைச்சாமியின் சரித்திரம். மாசிப் படையலில் துரைக்குத் தனி இலை உண்டு: சுருட்டு, பன், அவித்த முட்டை.*

1971 வைகாசியில் சிங்கம்புணரி அரிசி மில்லுக்காரர் ஏகப்பன் தன் மகனுக்கு என்னைக் கேட்டு வந்ததும் துரைக்காகத்தான். பேரப்பிள்ளைகள் வெள்ளையாகப் பிறக்க வேண்டும். நானோ அடுப்புக்கரி.

"நாலு தலைமுறை தள்ளித்தான் வெளுக்கும்" என்றார் அப்பா.

என் கையில் சிவகங்கை தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வேலைக்கான உத்தரவு. திங்கட்கிழமை சேர வேண்டும். மருமகள் வேலைக்குப் போகக் கூடாது என்பது மில்லுக்காரர் நிபந்தனை. துரை பொய்யானால் கல்யாணம் நிற்கும். துரையைப் பொய்யாக்கக் கிளம்பினேன்.

*முட்டையை இத்தனை வருஷமும் தின்றது அப்பா.

3

அப்பா அசையவில்லை. நானே இறக்கினேன். கண் அவியவில்லை. பின் அட்டையில் 7 என்று ஓர் எண், அவ்வளவுதான். பூட்டன் மாட்டுவண்டி ஓட்டிய காரைக்குடிச் செட்டியார் வீட்டுக்குப் படத்தோடு போனேன். அந்த வீட்டு மருமகள் தேனம்மை ஆச்சி இருந்தார்.

[ஆச்சி கதைக்கு வசதியாக வந்து வாய்த்தவர் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அவரை எடுத்துவிட்டு ஆவணக் காப்பகம் ஒன்றை வைத்துப் பார்த்தேன். ஆவணக் காப்பகம் பணியாரம் தராது.]

ஆச்சி வீட்டுச் சுவரில் வரிசையாகப் பதினோரு துரைகள். அதே தொப்பி, அதே பதக்கம். ஆறாவது படத்துக்கும் எட்டாவதுக்கும் நடுவில் வெறும் ஆணி.

"எங்க மாமனார் சைகோன் கடையில டஜனா வாங்கியாந்தாக. வண்டியில வந்து இறங்குனப்ப ஒங்க பூட்டன் ஒண்ணு கேட்டாராம், கொடுத்தாகளாம்."

"இவுகள்லாம் யாரு ஆச்சி?"

"யாரு கண்டா? சுவத்துக்கு லட்சணமா இருந்தாக."

4

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஏகப்பன் தாம்பூலத்தோடு வந்த அன்று, எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். ‘அப்பாவின் முகம் இருண்டது’ என்று எழுதி வைத்திருந்தேன். இருளவில்லை.

"அப்ப நமக்குக் காரைக்குடியில பதினோரு பங்காளிமாரா? இத்தன வருஷமா ஒரு இலகூடப் போடலியே" என்றார்.

ஏகப்பன் வெற்றிலையை மென்றுகொண்டே, "பன்னெண்டு துரையா? பெரிய வகையறாதான். முகூர்த்தத்த முன்னால வைப்போம்" என்றார்.

"அய்யா, அது கடையில வாங்குன படம்."

"நல்ல வம்சம்னா கடையிலயும் கெடைப்பாக, தாயி."

5

யோசித்த முடிவுகள்:

அ) ஏகப்பனுக்குப் புத்தி வருகிறது. (நீங்கள் நம்ப மாட்டீர்கள்.)

ஆ) மாப்பிள்ளை வந்து, "நீ வேலைக்குப் போ" என்கிறார். (அவரை நான் பார்த்ததே இல்லை. எந்தக் குரலில் பேசவைப்பது?)

இ) நான் அழுதுகொண்டே

வேண்டாம். ஆதாரம் காட்டினால் கல்யாணம் நிற்கும் என்று நம்பியது சரித்திரம் படித்த கோளாறு. ‘வேலையில் சேருகிறேன்’ என்று ஆச்சி வீட்டிலிருந்து திரும்பும்போதே தாலுகா ஆபீசுக்குக் கார்டு போட்டுவிட்டேன். [மூன்றாம் பகுதியில் சொல்லியிருக்க வேண்டும். உங்களிடமும் மறைத்தேன்.]

ஞாயிற்றுக்கிழமை பையைத் தூக்கினேன்.

"எங்குட்டுப் போற, அழகி?"

"சிவகங்கைக்கு. நாளைக்கு ஆபீஸ்."

"மில்லுக்காரருக்கு நான் என்னத்தச் சொல்ல?"

"நீங்க சொல்லாத கதையா?"

அப்பா யோசிக்க உட்கார்ந்தார். வாசகரே, நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். என்ன சொல்வதென்று இரண்டு பேருமாக முடிவு செய்யுங்கள். எனக்கு மூன்று மணி பஸ்.