'சித்தி' பட்டன் வேலை செய்யவில்லை

சுவத்துல முட்டிக்கிறதுதான் என் வேலை. நம்பலன்னா போங்க. கேம் கம்பெனியில நான் டெஸ்டர். மத்தவங்க கம்ப்யூட்டருக்குள்ள வீடு, காடு, கோட்டைன்னு கட்டி அதுக்குள்ள ஒரு கதையை வைப்பாங்க. நான் உள்ள போய் ஒவ்வொரு சுவத்துலயும் முட்டணும், ஒவ்வொரு கதவையும் திறந்து மூடணும், கைக்கு அகப்படுற எல்லாத்தையும் தூக்கிப் பார்க்கணும். ஏடாகூடமா ஏதாவது நடந்தா அது பக். உடனே ரிப்போர்ட் எழுதணும்: என்ன நடந்தது, என்ன நடந்திருக்கணும், யார் பொறுப்பு. பத்து வருஷமா இதே பொழப்பு. ஆபீஸ்ல எனக்குக் கழுகுன்னு பேரு. என் கண்ணுல மண்ணைத் தூவ இனிமேதான் ஒருத்தன் பொறக்கணும்னு நானும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டுத் திரிஞ்சேன். வெட்கக்கேடு.

என் அக்கா பொண்ணுக்குப் பன்னிரண்டு வயசு. வாண்டுன்னு கூப்பிடுவோம். யாரை மாதிரியும் பேசிக் காட்டுவா, நாம விழுந்து விழுந்து சிரிக்கணும். ஆபீஸ்ல கழிச்சுக் கட்டின ஒரு லேப்டாப்பைப் போன வருஷம் அவகிட்ட கொடுத்தேன். அதுல தானாவே தட்டித் தடவி உலகம் கட்டக் கத்துக்கிட்டா. எனக்குக் கட்டவெல்லாம் தெரியாது, இடிக்கத்தான் தெரியும்.

போன சனிக்கிழமை அவகிட்ட இருந்து மெசேஜ். "சித்தி, ஒரு கதை கட்டியிருக்கேன். உள்ள போய் நடந்து பாரு. தப்பு இருந்தா ஆபீஸ்ல எழுதுற மாதிரியே எழுதி அனுப்பு. அம்மாகிட்ட சொல்லாதே."

அம்மாகிட்ட சொல்லாதேன்னா, படிக்கிற நேரத்துல கட்டியிருக்கா, வேற என்ன? அக்கா கணக்கு டீச்சர். பசங்க அவ பேரைச் சொன்னா எழுந்து நிப்பாங்க, அந்த அளவுக்கு மரியாதை. எங்கம்மா போனதுக்கப்புறம் எனக்குத் தலை பின்னி, சோறு ஊட்டி, ஆளாக்கினதே அவதான். அவளை நான் ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்ல. எதுக்குச் சந்தேகப்படணும்?

ஹெட்போனை மாட்டிக்கிட்டு உள்ள போனேன். போனதும் சிரிச்சுட்டேன். அக்கா வீடு! பச்சை கேட்டு, செருப்பு ஸ்டாண்டு, அதுக்குப் பக்கத்துல தலைகீழா ஒத்தைச் செருப்பு. அது என் செருப்பு. அப்படித்தான் நான் கழட்டி எறிவேன். அடிப்பாவி, இதைக்கூட விடலையான்னு வாய்விட்டுக் கேட்டேன். உள்ள பத்து நிமிஷம் வேகமா ஓடுற கடிகாரம், காது உடைஞ்ச கப்புல பேனாக்கள், சமையலறையில முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிற அக்கா. அச்சு அசல். எல்லாத்தையும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. நடக்கிற ஆள் வாண்டு உயரம்.

நடையில ஸ்டோர் ரூம் கதவு. அதுல நீலத் துண்டு தொங்குது. நிஜ வீட்டுலயும் அது அங்கதான் தொங்கும். கை கழுவிட்டு வந்து நான் துடைக்கிறதே அதுலதான். தொழில் புத்தி சும்மா இருக்குமா? துண்டைத் தூக்கினேன். பின்னாடி ஒரு தாழ்ப்பாள். மத்த கதவுக்கெல்லாம் உள்பக்கம் வச்சவ இதுக்கு மட்டும் தப்பா வெளிப்பக்கம் வச்சுட்டான்னு குறிச்சுக்கிட்டேன்.

மேஜையில மார்க் ஷீட் இருந்தது. கணக்குல அறுபத்தொண்ணு. அதைத் தொட்டதும் திரை இருட்டாச்சு. வெளிச்சம் வந்தப்போ ஸ்டோர் ரூமுக்குள்ள நிக்கிறேன். பழைய பெட்டிங்க, துடைப்பம், இறக்கை இல்லாத ஃபேன். கதவுக்கு அடியில மட்டும் ஒரு கோடு வெளிச்சம். நாலு சுவத்துலயும் முட்டினேன், ஒண்ணும் அசையல. கதவும் திறக்கல. திரையில மூணு பட்டன்: அம்மா, அப்பா, சித்தி.

'அம்மா'வை அழுத்தினேன். "சத்தம் வரக்கூடாது" அப்படின்னு அக்கா குரல். வாண்டுதான் அவங்கம்மா மாதிரி பேசிப் பதிவு பண்ணியிருக்கா.

'அப்பா'வை அழுத்தினேன். அத்தான் தூரத்து ஊர்களுக்குப் பஸ் ஓட்டுறவர், பாதி நாள் ரோட்டுலதான். நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்னு வந்தது.

'சித்தி'யை அழுத்தினேன். காலிங் பெல் அடிச்சது. அப்புறம் என் குரல், என்னோட அதே அலட்டல். "எங்கேக்கா நம்ம வாண்டு?"

"ட்யூஷன் போயிருக்கா."

"ஞாயித்துக்கிழமையுமா? ஐயோ பாவம். சரி, டீ போடு."

அப்புறம் கப்புச் சத்தம், சிரிப்புச் சத்தம். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ துண்டுல கை துடைக்கிற சத்தம். அந்த வெளிச்சக் கோட்டுல ரெண்டு கால் நிழல் வந்து நின்னுட்டுப் போச்சு. நாப்பது நிமிஷம் இப்படியே ஓடிச்சு. கடைசியில செருப்புச் சத்தம், கேட்டுச் சத்தம், அவ்வளவுதான். மறுபடியும் அதே மூணு பட்டன்.

நான் என்ன நினைச்சேன் தெரியுமா? சொல்லவே நாக்கு கூசுது. என்ன கற்பனைடா இந்தப் பொண்ணுக்குன்னு பூரிச்சுப் போனேன்! கொஞ்சம் நீளம், வெட்டலாம்னுகூட நினைச்சேன். பத்து வருஷமா கதைங்களுக்குள்ள போய் வர்றேன், ஒரு கதையையும் காது கொடுத்துக் கேட்டதில்ல. ரிப்போர்ட் எழுதி அனுப்பிட்டு நிம்மதியாத் தூங்கினேன்.

பக் 1: ஹால் கண்ணாடியில் உருவம் தெரியவில்லை.
பக் 2: ஸ்டோர் ரூம் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் உள்ளது. உள்பக்கம் இருக்க வேண்டும்.
பக் 3: 'சித்தி' பட்டனை அழுத்தினால் கதவு திறக்கவில்லை. திறக்க வேண்டும்.

ஞாயித்துக்கிழமை காலையில ஒன்பது மணிக்குப் பதில் வந்தது. ஆபீஸ்ல எழுதுற மாதிரியே எழுதியிருந்தா.

பக் 1: சரி செய்தாயிற்று.
பக் 2: தப்பு இல்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான் இருக்கிறது.
பக் 3: தப்புதான். பொறுப்பு: சித்தி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூணு தடவை படிச்சேன். எத்தனை ஞாயித்துக்கிழமை! எத்தனை ட்யூஷன்! நான் கேட்ட கேள்வி, அக்கா சொன்ன பதில், நான் அடிச்ச ஜோக்கு, எதுவுமே கற்பனை இல்ல. கதவுக்கு இந்தப் பக்கம் நின்னு நான் ஈரக் கையைத் துடைச்சப்போ அந்தப் பக்கம் இருட்டுல உக்காந்து அவ என் கால் நிழலைப் பார்த்திருக்கா. கத்தியிருந்தா என்னடா கண்ணு? சத்தம் வரக்கூடாதே, அதான் கத்தல. அவளுக்கு போன் பண்ணினேன், எடுக்கல. வண்டிச் சாவியைத் தேடினேன், அது என் கையிலயே இருந்தது.

பெல் அடிச்சேன். அக்கா சிரிச்சுக்கிட்டே கதவைத் திறந்தா. "என்னடி, சொல்லாம கொள்ளாம?"

என் வாய் பழக்கத்துல கேட்டுடுச்சு. "எங்கேக்கா நம்ம வாண்டு?"

"ட்யூஷன் போயிருக்கா."

அதே வார்த்தை. அடுத்த வசனம் என்னோடது, நாக்கு நுனியில நிக்குது. அதை முழுங்கிட்டு நேரா நடைக்குப் போனேன்.

"அங்க என்னடி? வெறும் பழைய சாமான்."

துண்டை எடுத்தேன். தாழ்ப்பாள் இருந்தது. போட்டிருந்தது. இழுத்தேன். துளி சத்தமில்ல, நல்லா எண்ணெய் போட்டு வச்சிருக்கா என் அக்கா. எனக்குத் தலை பின்னி விட்ட அதே கை.

வாண்டு பழைய பெட்டி மேல முழங்காலைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா. வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினா. அழல, ஓடி வந்து கட்டிக்கவும் இல்ல. என்னைப் பார்த்துட்டு மெதுவாக் கேட்டா:

"அதுக்குள்ள டீ குடிச்சிட்டியா சித்தி?"

குத்திக் காட்டல. நிஜமாவே கேட்டா. நான் வந்தா டீ, டீ முடிஞ்சா செருப்பு, அவளுக்குத் தெரிஞ்ச கணக்கு அது. இதுக்கு அவ என்னைச் செருப்பால அடிச்சிருக்கலாம்.

"இன்னும் குடிக்கலடா"ன்னேன்.

அக்கா பின்னாடி வந்து நின்னா. முகத்துல கோபம் இருந்தது, பயம் இருந்தது, வெட்கம் மட்டும் இல்ல. "காலங்காத்தால கம்ப்யூட்டர்ல உக்காந்து யாருக்கோ என்னத்தையோ தட்டிக்கிட்டு இருக்கா. அறுபத்தொண்ணு வாங்கின கழுதைக்கு எவ்வளவு திமிர்! நான் பெத்த பொண்ணை நான் திருத்துறேன். நடுவுல நீ யாருடி?"

அந்த யாரோ நான்தான். எனக்குப் பதில் எழுதப் போய்த்தான் மாட்டியிருக்கா. அக்காவை வாங்கு வாங்குன்னு வாங்கணும்னு வழி நெடுக வார்த்தை சேர்த்துக்கிட்டு வந்திருந்தேன். வந்தது ஒரே வார்த்தை.

"பொறுப்பு" அப்படின்னேன்.

அக்காவுக்குப் புரியல. வாண்டுக்குப் புரிஞ்சது. பெட்டியை விட்டு இறங்கி வந்து என் சுண்டு விரலைப் பிடிச்சுக்கிட்டா. அவ கை சில்லுன்னு இருந்தது.

"அத்தான்கிட்ட நான் பேசிக்கிறேன். அவர் எந்த எல்லைக்கு வெளியே இருந்தாலும் சரி, இன்னைக்கே பேசுறேன். அதுவரைக்கும் இவ என் வீட்டுல இருப்பா. தடுத்துப் பாருக்கா, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவேன்."

அக்கா தடுக்கல. துண்டைக் கையில வாங்கிக்கிட்டு அந்தக் கதவையே பார்த்துக்கிட்டு நின்னா.

வாசல்ல என் செருப்பு தலைகீழாக் கிடந்தது. வாண்டு குனிஞ்சு அதை நிமிர்த்தி வச்சா. தன் செருப்பையும் போட்டுக்கிட்டா. கேட்டுகிட்ட வந்ததும் நின்னுட்டா.

"என்னடா?"

"இதுக்கு வெளிய நான் ஒண்ணுமே கட்டல சித்தி."

நான் கேட்டைத் திறந்தேன்.