கண் மூடும் தாள்

கம்பெனி போட்டோத் தாளில் அச்சிட்டபோதெல்லாம் பத்தலையின் மகள் கண்ணை மூடிக்கொண்டாள். நெகட்டிவில் கண்கள் திறந்துதான் இருந்தன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த அத்தனை பேரும் அதை ஒப்புக்கொண்டார்கள். எந்தப் படத்தைக் கழுவினாலும் "கறுப்பு பத்தலை" என்று அலுத்துக்கொள்வதால் ஸ்டுடியோக்காரருக்கு அந்தப் பெயர். மகள் ஒன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். ஊரையே படமெடுத்தவர் அவளை ஒரே ஒரு தடவைதான் எடுத்திருந்தார். மூன்று பாக்கெட் தாள் தீர்ந்தது. எழுபத்தைந்து மகள்களும் தூங்கினார்கள். ஒன்றைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டினார். மனைவி கழற்றி அவர் கையிலேயே கொடுத்தாள்.

"கடைசி நாள் இப்படித்தானே இருந்தா. இதைத் தினம் நான் பாக்கணுமா?"

அவர் புகார் எழுதியதும் கம்பெனி ஏஜென்ட் நேரில் வந்து, ஒரு கல்யாண ஜோடியை அதே தாளில் அச்சிட்டுக் காட்டினார். ஜோடி நன்றாக முழித்துக்கொண்டு நின்றது.

"பேப்பர்ல கோளாறு இல்ல சார். பாப்பா கண்ணு சிமிட்டியிருக்கும்."

"நெகட்டிவ்ல சிமிட்டலையே."

"நெகட்டிவுக்கு நாங்க பொறுப்பில்ல சார்."

தாள் பொதுவான முகங்களுக்காகத் தயாரிக்கப்படுகிறது, வருந்துகிறோம் என்று தலைமை அலுவலகம் கடிதம் எழுதி, ஒரு பாக்கெட் பளபளப்புத் தாளை இலவசமாக இணைத்திருந்தது. அதிலும் தூங்கினாள், பளபளப்பாக.

இனி தாளை நானே செய்துகொள்கிறேன் என்றார் பத்தலை. படத்தாளுக்கு வெள்ளி வேண்டும். மனைவி மகள் பால் குடித்த வெள்ளிக் கிண்ணத்தை எடுத்து அவர் முன் வைத்தாள். அதை அமிலத்தில் கரைத்து, ஜெலட்டினோடு காய்ச்சி, தாளில் தூரிகையால் பூசிப் பூசி இரண்டு வருடம் போனது. முதலில் பூச்சு பாலாடைபோல உரிந்தது. பிறகு மகள் மூக்கில்லாமல் வந்தாள். ஒரு மத்தியானம், டெவலப்பர் தட்டில், கண்ணைத் திறந்தபடி வந்தாள். படம் நிலைக்க அதை ஹைப்போவில் போட்டார். பத்தாவது நொடியில் மூடிக்கொண்டாள். ஹைப்போ கம்பெனியுடையது. அதைச் செய்ய அவருக்கு வழியில்லை. ஹைப்போவில் போடாத படமோ பகல் வெளிச்சம் பட்டதும் கறுத்துவிடும். இருட்டறையின் சிவப்பு விளக்கைத் தாண்டி வர முடியாது.

அடுத்த படத்தைத் தண்ணீரில் மட்டும் அலசிக் கொடியில் மாட்டிவிட்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"வெளிய கொண்டாங்க."

"வெளிய வந்தா போயிடுவா."

கல்யாணமானதிலிருந்து இருட்டறைக்குள் கால் வைக்காதவள் உள்ளே வந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"பின்னலைக் கோணலாப் போட்டிருக்கேன் பாருங்க. அன்னைக்கு அப்படி என்ன அவசரம் எனக்கு."

மறுநாள், ஊர்ப் பள்ளிக்குச் சீருடை தைக்கும் தன் தையல் மெஷினை உள்ளே நகர்த்திக்கொண்டாள். சிவப்பு விளக்கிலும் படம் மாதத்துக்கு ஒருமுறை மங்கியது. அவர் புதிதாக ஒன்று போட்டுத் தந்தார். அந்த வெளிச்சத்தில் சிவப்பு நூலும் வெள்ளை நூலும் ஒன்றுபோலத் தெரியும். பள்ளி திறந்த அன்று நூற்றிருபது பிள்ளைகள் வெள்ளைச் சட்டையில் சிவப்புத் தையலோடு வரிசையில் நின்றார்கள். தலைமையாசிரியை இரண்டு காலர்களைத் திருப்பிப் பார்த்தார். சீருடை விதியிலிருந்து நூலின் நிறத்தை எடுத்துவிட்டார். பிரித்துத் தைக்கச் சொல்லி ஒருவரும் வரவில்லை. இப்போதும் அளவு கொடுக்கப் போகிறவர்கள் வெளிவிளக்கை அணைத்துவிட்டுத்தான் இருட்டறைக் கதவைத் திறக்கிறார்கள்.