டவர் எட்டாத லேப்டாப்

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதே என்று மதியம் பானுப்பிரியா பிரவுசரைச் சுத்தம் செய்தாள். வரிசையாக டிக் அடித்துக்கொண்டே போனவள், சேமித்த பாஸ்வேர்டுகள் என்ற கட்டத்தையும் விட்டுவைக்கவில்லை.

போடியில் அவள் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டருக்கு மலைக்காரர்களின் பாஸ்வேர்டுகள்தான் சொத்து. ஏலத்தோட்ட வீடுகளில் டவர் கிடையாது. விண்ணப்பம் போட வருகிறவர்கள் பாஸ்வேர்டையும் சென்டரிலேயே விட்டுப் போவார்கள்.

மூன்று மணிக்கு சுசித்ரா வந்தாள். கல்லூரிக் கலந்தாய்வில் பாடப்பிரிவைத் தேர்ந்து உறுதி செய்ய அன்று மாலை ஐந்து மணிதான் கெடு. பானு பக்கத்தைத் திறந்தாள். பாஸ்வேர்டு கட்டம் காலியாக இருந்தது. தான் அழித்தது என்ன என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஓடிபி வாங்கிப் புது பாஸ்வேர்டு போட்டுருவமா?" பானுவுக்குக் குரல் எழும்பவில்லை.

"நம்பரு அப்பாவோடதுக்கா. மேல தோட்டத்துல ஏலக்காயெடுப்புல இருப்பாரு. இருட்டுனாத்தான் டவருக்கு வருவாரு."

பக்கத்து மேசையில் வேலையாக இருந்த பொற்கொடி நாற்காலியோடு உருண்டு வந்தாள். பானுவின் வயதுதான். பிளஸ் டூவோடு நின்றவள்.

"என்னத்தடி அழிச்ச?"

"எல்லாத்தையும்."

"பாத்திரமா இருந்தா மெச்சிருப்பேன், அம்புட்டு சுத்தம்."

திட்டு அதோடு சரி. சென்டர் முதலாளியின் ஞாபகம் வந்தது. "ஜெகதீஷ் அண்ணே லேப்டாப்பும் இதே பிரவுசர் கணக்குதான?" என்றாள்.

"ஆமா. இங்க அழிச்சா அங்கயும் அழிஞ்சிருமே."

"நெட்டு கிடைச்சாத்தானடி அழியும்? அண்ணே காலையிலயே லேப்டாப்பத் தூக்கிட்டு குரங்கணிக்கு மேல விண்ணப்ப முகாமுக்குப் போயிட்டாரு. அங்க டவர் ஏது?"

பானு மூன்று வருஷம் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவள். டவர் இல்லாததும் ஒரு வசதி என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஆனால் ஜெகதீஷ், மலையிறங்கியதும் குரங்கணி டீக்கடையில் லேப்டாப்பை விரித்து, போன் நெட்டில் அன்றைய விண்ணப்பங்களை அனுப்பிவிடுவார். நெட்டோடு விரித்தால் அதிலும் அழிந்துவிடும். பொற்கொடி டீக்கடை மூக்கம்மாளுக்குப் போன் போட்டாள்.

"அத்தே, ஜெகதீஷ் அண்ணே ஜீப்பு வந்துச்சா? வரலையா, நல்லது. வந்தா லேப்டாப்பத் தொறக்க விடாதீக. மொதல்ல போன அமத்திட்டு, உங்க போன்ல என்னையக் கூப்பிடச் சொல்லுங்க."

"என்ன குத்தம்டி பண்ணுனான்?"

"அவரு ஒண்ணும் பண்ணலத்தே. நாங்கதான்."

நாங்க. பானு நிமிர்ந்து பார்த்தாள். பொற்கொடி சாதாரணமாகத்தான் சொல்லியிருந்தாள்.

நான்கு மணி தாண்டியது. சுசித்ரா துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். நாலேகாலுக்கு மூக்கம்மாள் போனிலிருந்து ஜெகதீஷ் கூப்பிட்டார்.

"ஏ பொற்கொடி, இந்த அத்த லேப்டாப்பப் புடுங்கி மடியில வச்சுக்கிருச்சு! போன அமத்துனாத்தான் தருவேங்குது!"

"அமத்துங்கண்ணே, சொல்றேன்."

நெட் இல்லாமல் லேப்டாப் திறந்தது. பாஸ்வேர்டுகள் அத்தனையும் அப்படியே இருந்தன. ஜெகதீஷ் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, பொற்கொடி திருப்பிச் சொல்ல, பானு அடித்தாள். பக்கம் திறந்தது. சுசித்ரா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, வச்சிராதீக. மத்த பாஸ்வேர்டு எல்லாத்தையும் ஒரு பைலா பென்டிரைவ்ல எடுத்துக்கங்க. பெறகு நெட்டப் போடுங்க."

அதுவும் பானுவுக்குத் தோன்றியிருக்காது.

நாலு நாற்பதுக்கு சுசித்ரா முதல் விருப்பத்தில் தோட்டக்கலையை வைத்தாள். ஒருமுறை சரிபார்த்தாள். உறுதி செய்யும் பொத்தானை அழுத்தினாள்.

"முடிஞ்சதாக்கா?"

"முடிஞ்சது," என்றாள் பானு. பிறகு, யாரும் கேட்காமலே, "அழிச்சது நான்தான் சுசித்ரா. மீட்டது அவ," என்றாள். இந்த முறை குரல் தெளிவாக வந்தது.