கற்பூரம் தொடாத பழமொழி

பரமசிவம் எழுந்து தொண்டையைக் கனைத்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்து ஒரு பழமொழி வரும் என்று சிராங்கூன் சாலை மாடுகளுக்குக்கூடத் தெரியும். மாட்டுக் கம்பம் என்ற எங்கள் மாட்டுக்காரர் குடியிருப்பில் எந்தப் பஞ்சாயத்தானாலும் அவர் ஒன்றை எடுத்துவிடுவார். பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்று கூட்டம் தலையாட்டும். வழக்கு அத்தோடு தீர்ந்தது.

அன்றைய வழக்கு, அவருடைய தம்பி பெண்டாட்டி லீலாவின் கறவை மாடுகள். தம்பி காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டான். மாடுகள் இனி என் கொட்டகைக்கு வரட்டும் என்றார் பரமசிவம். அவை போனால் அவளுக்கும் கைக்குழந்தைக்கும் சோறு கிடையாது. புருஷன் படுத்த நாளிலிருந்து மாட்டைப் பார்த்து, கறந்து, பரமசிவம் வீடு உட்பட வீடு வீடாய்ப் பால் ஊற்றியவள் அவள்தான். பக்கத்து வீட்டுக்காரி நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வழக்கப்படி, எரியும் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்து அம்மன் மேல் சத்தியம் செய்துவிட்டு அதைச் சாட்சியாகவும் சொன்னேன். கை இன்னும் எரிந்தது.

பரமசிவம் கற்பூரத்தின் பக்கமே வரவில்லை. பெண்பிள்ளை தனியாக எதையும் கட்டிக்காக்க முடியாது என்று முன்னோர் சொன்னதை ராகம் போட்டுச் சொல்லி உட்கார்ந்தார். தலைகள் ஆட ஆரம்பித்தன. அடப்பாவிகளா!

லீலா குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்தாள்.

“நல்லா சொன்னீங்க மாமா. அதையே கற்பூரத்த அணைச்சுட்டுச் சொல்லுங்க.”

“பழமொழிக்கு எதுக்கும்மா சத்தியம்?”

“என் மாட்டப் பிடிச்சுட்டுப் போக அதுதானே உங்க சாட்சி? ரத்தினம்மாக்கா கைய சுட்டுக்கிட்டாங்க. உங்களுக்கு மட்டும் தனி வழக்கமா? நான் மாட்டப் பட்டினி போட்டத, ஒரு நாளாவது பால் ஊத்தாம விட்டத நீங்க கண்ணால பாத்திருந்தா, அணைச்சுட்டுச் சொல்லுங்க. கயித்த இப்பவே அவுத்துக் குடுத்துடறேன்.”

தலைகள் நின்றன. பஞ்சாயத்துத் தலைவர் மருதப்பன் யோசித்தார். பிறகு தட்டில் புதிதாக ஒரு கட்டிக் கற்பூரம் வைத்து ஏற்றினார்.

“அவ கேக்குறது நியாயந்தான். வாங்க பரமசிவம்.”

வந்தார். கையை நீட்டினார். அம்மன் மேல் பயமுள்ள மனுஷர்தான், அதைச் சொல்ல வேண்டும். உள்ளங்கை சுடருக்கு மேலே நின்றது, பிறகு வேட்டி மடிப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது. கற்பூரம் தானாக எரிந்து தீர்ந்தது.

“மாடு லீலாவோடதுதான்” என்றார் மருதப்பன். நான் போட்ட குலவையில் கொட்டகைக் காக்கையெல்லாம் பறந்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் லீலா மாடுகளை நடுச்சாலையில் ஓட்டிக்கொண்டு போனாள். புதிதாக விட்டிருந்த டிராம் மணியடித்துப் பார்த்துவிட்டு, அவள் பின்னாலேயே ஊர்ந்து வந்தது. பரமசிவம் வீட்டு வாசலில் நின்று, தெருவே கேட்கக் கூவினாள்:

“மாமா, பாலு!”

கதவு ஒரு சாண் திறந்தது. செம்பு மட்டும் வெளியே நீண்டது.