ஒரு வாய்ச் சேம்பு

ரோஸ்விதா சேப்பங்கிழங்கை இடித்துத் தேங்காய்ப்பாலில் புரட்டிக்கொண்டிருந்தாள். தம்பி லாரன்ஸ் வாசலில் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். போகன்வில் தீவில் சண்டை முடிந்துவிட்டது என்று வானொலி சொன்னது. வானொலிக்கென்ன, சொல்லும். இந்த வீட்டில் மகன் ஓத்மாரின் துக்க விருந்துகூட இன்னும் ஆகவில்லை.

"எம்மவனக் கொன்னவனுக்கு நானே சோறாக்குறேன் பாரு."

"நீ போகாதக்கா. நாங்க போயி அவன் கதைய முடிச்சிடறோம்."

"அப்புறம் அவன் மாமன்மாரு வருவானுங்க. உனக்கும் சேத்து ஒப்பாரி வைக்க எனக்குத் தொண்டை இல்லடா."

நிலம் அவளுடையது, அவள் தாய்வழி வந்தது. அவள் பேச்சைத் தாண்ட முடியாமல் லாரன்ஸ் சாயங்காலம்வரை பொறுப்பதாகச் சொன்னான்.

சண்டைக்குப் போய்க் காட்டிலிருக்கும் பிள்ளைகளைத் தாய்மாரே போய் அழைப்போம் என்று பெண்கள் கூட்டத்தில் முதலில் எழுந்து சொன்னவள் இவள்தான். முதலில் அழைத்ததும் தன் மகனைத்தான். ஓத்மார் துப்பாக்கியைப் போட்டுவிட்டு வெறுங்கையோடு இறங்கினான். பாதி வழியில் எதிர்க்கூட்டத்துச் சிரியாக்கு சுட்டுவிட்டான். நான் கூப்பிடாமல் இருந்திருந்தால் என்று அவள் நினைக்காத நாளில்லை. இப்போது சிரியாக்கு, பெற்றவள் பெனதித்தா கூப்பிட்டும் இறங்கவில்லை. பழிவாங்க மாட்டோம் என்று செத்தவனின் தாய் வந்து சொன்னால்தான் நம்புவானாம்.

காட்டோரம் இரண்டு பெண்களும் நின்றார்கள். ரோஸ்விதா குரல் கொடுத்தாள். வெகுநேரம் கழித்து அவன் வந்தான், எலும்பும் தோலுமாக. துப்பாக்கியை விடவில்லை. ரோஸ்விதா கையிலிருந்த இலைப்பொதியையே பார்த்தான்.

"விஷமா அத்த?"

அழுகையை அடக்க வாயில் அடைத்திருந்த துணியைப் பெனதித்தா எடுத்தாள். "தின்னு காட்டுக்கா. உன் கால்ல விழறேன்."

ரோஸ்விதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. செத்தவருக்குப் பிடித்ததைத் துக்க விருந்துவரை வீட்டார் தொடக்கூடாது. தொட்டால் அவரை அன்றே வழியனுப்பிவிட்டதாக அர்த்தம். ஓத்மாருக்குச் சேம்பு என்றால் உயிர். உரலிலேயே கைவிடுவான். "இடிக்க விடுடா, திருட்டுப் பூன" என்று விரட்டுவாள். வேறெதையாவது சமைத்திருக்கலாம். காட்டுக்குச் சோறு என்றதும், ஓத்மாருக்குக் கட்டியனுப்பிய பழைய வழக்கத்தில் கை சேம்பைத் தேடிப் போய்விட்டது, பாழாய்ப்போன கை.

இலையைப் பிரித்தாள். ஒரு வாய் எடுத்துப் போட்டு மென்றாள். இறங்கவில்லை. சிரியாக்கு அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். போயிட்டு வாடா என்று மனசுக்குள் சொல்லி விழுங்கினாள்.

பிறகு இலையை அவன் பக்கம் தள்ளினாள். அவன் துப்பாக்கியை மடியில் கிடத்திக்கொண்டு குந்தினான். சேம்பில் அவள் விரல் பதிந்த பள்ளம் அப்படியே இருந்தது. அதன் பக்கத்திலேயே கை வைத்தான்.