நான்காம் அடுக்கில் இருமல்

சிமெண்ட் கிடங்கில் மூட்டை சுமந்தவன் தொண்டையில் குழாயோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த பத்து நாளும் அவனுடைய இருமல் மட்டும் தவறாமல் வேலைக்குப் போய்வந்தது. காலை எட்டு மணிக்கு மூட்டைகளின் நான்காம் அடுக்கின் பக்கத்தில், ஆளில்லாத இடத்தில் தொடங்கும். சாப்பாட்டு நேரத்தில் ஓயும். ஐந்து மணிக்கு வாசலைத் தாண்டும். விசில் என்று எல்லோரும் அழைக்கும் மேற்பார்வையாளன் தலையைக்கூட நிமிர்த்தாமல் வருகைப் பதிவேட்டில் கோடு போட்டான். காய்ச்சலில் நடுங்கினவனை நான்கு நாள் மூட்டை தூக்க வைத்ததும் இந்தப் புண்ணியவான்தான். கழுதை இருமினால்கூடப் பாரத்தை இறக்குவார்கள்.

கிருமி இரண்டு நுரையீரலையும் அடைத்து, ரத்தத்தில் ஏறி, சிறுநீரகங்களையும் சாய்த்திருந்தது. கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பை காய்ந்து கிடந்தது. மனைவி புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை, பையையே பார்த்தாள். "ஒரு சொட்டு விழட்டும்மா, அப்புறம் பேசலாம்" என்றார் டாக்டர். சிறுநீரகம் தாங்கும் அளவுக்கு மருந்தைக் குறைத்து, ரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்தார்கள். அதைக் காப்பீட்டுப் பணத்தில் தொடர வேண்டுமானால், ஆள் வேலைக்கு வரவில்லை என்று கம்பெனி எழுதித் தர வேண்டுமாம்.

விசில் எழுத மறுத்தான். "இருமல் கேக்குதுல்ல? ஆளு டூட்டில இருக்கான். நான் எப்பிடிம்மா பொய் எழுதுறது?"

"அப்ப ஒரு மூட்டை தூக்கச் சொல்லுங்க, பாப்போம்."

"இங்க வர்றவன்ல பாதிப்பேரு இருமத்தான் வர்றான்."

அவள் இருமல் வந்த வெற்றிடத்தைப் பார்த்துத் திரும்பினாள். "வெக்கமாயில்ல? அங்க உசுரு ஊசலாடுது, நீ இவனுக்கு உழைக்கிறியா?" இருமல் ஒரு கணம் தயங்கியது. விசில் கடிகாரத்தைப் பார்த்தான். உடனே அது மறுபடி இருமியது.

வெறுங்கையோடு வந்தவளைப் பார்த்து டாக்டர், "அந்தத் தாள் கெடக்கட்டும் விடுங்க" என்று தன் கையெழுத்திலேயே இயந்திரத்தை ஓட்டினார். பத்தாம் நாள் காலையில் பையில் அரை டம்ளர் விழுந்தது, துருத் தண்ணீர் நிறத்தில். அவள் அதை ஒரு பாட்டிலில் கொண்டுபோய்ப் பதிவேட்டின் மேல் நிறுத்தினாள். "இவருதாங்க எங்க வீட்டுக்காரரு. அங்க இருமுறது யாருன்னு நீங்களே விசாரிச்சுக்கங்க."

யாரும் விசாரிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து அவன் எலும்பும் தோலுமாக வந்து நின்றபோது இடம் காலியில்லை. விடுப்புக் கேட்காத இருமலை நிரந்தரமாக்கியிருந்தார்கள். அவன் ஆஸ்பத்திரியிலேயே லிஃப்ட் ஓட்டப் போனான். மறு வருஷம் விசிலுக்குத் தலைமை அலுவலகத்தில் பதவி கிடைத்தது. அவன் நாற்காலியில் இருமல் உட்கார்ந்தது. சுமைக்காரர்களுக்கு அதனிடம் குறையொன்றும் இல்லை. விசிலுக்கு இது எவ்வளவோ தேவலை என்கிறார்கள், நடுநடுவே மூச்சு வாங்கவாவது நிற்கிறதாம்.