ஊதா மேலே, வெள்ளை கீழே

நாடு இரண்டாகப் பிளந்தே தீரவேண்டும் என்று வடக்கரும் தெற்கரும் தனித்தனியே முழங்கிய நாளில், அவ்விரு முழக்கத்துக்கும் துணி வெட்டிக் கொடுத்தவர் ஒரே தையற்காரர்தாம். வடக்கர் கொடி மேலே ஊதா, கீழே வெள்ளை. தெற்கர் கொடி மேலே வெள்ளை, கீழே ஊதா. இவ்வளவுதான் கொள்கை வேறுபாடு, மிச்சமெல்லாம் ஒலிபெருக்கி.

கொடியின் மேல்முனையில் சிவப்பு நூலால் முடிச்சிடுவது தொழில் வழக்கம். கட்டுகிறவன் தடுமாறக் கூடாதல்லவா? தையற்காரர் அந்த முடிச்சை மட்டும் விட்டுவிடுவார். ஒரு கட்சியிடம் விலைபோகாததை மறுகட்சியின் தலையில் கட்டலாமே!

அவர் பிறந்தது தெற்கே. பெண்ணெடுத்ததும் பிழைப்பதும் வடக்கே. அதுதான் வினை. மனைவியின் தம்பியோ வடக்கர் கட்சியின் நகரச் செயலாளன். பொதுக்கூட்டத்துக்கு முதல்நாள் கையில் புதுப் பூட்டோடு கடைவாசலில் நின்றான்.

"மாமா, கொடியைக் குடுத்துடுங்க. நாளைக்குக் கூட்டம் முடிஞ்சதும் கடையைப் பூட்டணும். தெற்கத்தி ஆளுங்க கடை ஒண்ணுகூட இங்க இருக்கக் கூடாதுன்னு தீர்மானம்."

"பூட்டு யாரு வாங்கினது?"

"நான்தான். சொந்தக்காரங்க கடைன்னு விட்டா தலைவர் என்ன நினைப்பாரு?"

உள்ளே பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அக்காள் நிமிர்ந்தாள். "டேய், நீ போட்டிருக்கற சட்டை யாரு தைச்சது?"

"மாமா."

"அப்ப அதையும் கழட்டி வச்சிட்டுப் போ."

அவன் கழற்றவில்லை. கொள்கைக்கும் ஓர் எல்லை உண்டு.

மறுநாள் மாலை திடல் நிரம்பி வழிந்தது. மேடைத் துணி கிழிந்தால் தைப்பதற்கென்று தையற்காரரையும் அவர் மனைவியையும் கொடிமரத்தடியில் நிறுத்தியிருந்தார்கள். விரட்டப்போகிறவனிடம் கடைசி வேலையையும் வாங்கிக்கொள்வது அரசியல் சிக்கனம். செயலாளன் கொடியைக் கயிற்றில் கட்ட, வெளியூரிலிருந்து வந்திருந்த தலைவர் இழுத்து ஏற்றினார். கூட்டம் கண்கலங்கி வணங்கியது.

மேலே வெள்ளை, கீழே ஊதா.

எவர் கண்ணிலும் படவில்லை. "எதிரியின் கொடியை இருட்டில் கண்டாலும் என் இரத்தம் கொதிக்கும்" என்று தலைவர் அதன் நிழலிலேயே நின்று முழங்கினார்.

தையற்காரர் மட்டும் கண்டுகொண்டார். ஒருவன் அண்ணாந்து பார்த்தால் போதும்: முடிச்சில்லாத கொடி, தைத்தவன் தெற்கத்தியான். கடை கிடக்கட்டும், கைகால் மிஞ்சுமா? மேடைக்குப் பின்புறமாக ஏறி மைத்துனன் காதைப் பிடித்தார்.

"மாப்ளே, பதறாம மேல பாரு."

பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. "வேணும்னே செஞ்சீங்களா மாமா?"

"தைச்சது நான், கட்டினது நீ. உதைச்சா ரெண்டு பேரையும் சேர்த்துதான் உதைப்பாங்க. இறக்கி மாத்திக் கட்டணும். அதுவரைக்கும் எல்லாரும் தலையைக் குனிஞ்சிருக்கணும்."

"எப்படிக் குனிய வைக்கறது?"

"அது உன் தொழில். முதல்ல பூட்டைக் குடு."

பூட்டு கைமாறியது. செயலாளன் தலைவரிடமிருந்து ஒலிவாங்கியைப் பணிவோடு பறித்தான். "மண்ணுக்காக உயிர்நீத்த நம் தியாகிக்குக் கண்மூடித் தலைகுனிந்து அஞ்சலி செலுத்துவோம்."

அந்த இயக்கத்தில் அதுவரை சளிபிடித்துக்கூட ஒருவரும் செத்ததில்லை. ஆயினும் திடல் முழுதும் குனிந்தது, தலைவரும் குனிந்தார். தையற்காரர் கயிற்றை இழுத்தார். உருளை கிறீச்சிட்டது. அதை அமுக்க அவர் மனைவி ஓவென்று அழத் தொடங்கினாள். கொடி இறங்கி, புரண்டு, மீண்டும் உச்சிக்குப் போகும்வரை அவள் ஓயவில்லை.

கண்திறந்த தலைவர் நேரே அவளிடம் வந்தார். "அம்மா, தியாகி உங்களுக்கு என்ன வேணும்?"

அழுத வேகத்தில் வாய் முந்திக்கொண்டது. "என் வீட்டுக்காரருங்க."

"தையற்கடை வச்சிருக்காங்க" என்று செயலாளன் எடுத்துக்கொடுத்தான். "தியாகியின் துணைவியார் நடத்தும் கடையை இனி எவனும் தொடக் கூடாது" என்று தலைவர் அங்கேயே அறிவித்தார். செயலாளன்தான் முதலில் கைதட்டினான். தையற்காரரைத் தெரிந்த ஊரார் வாய்திறக்கவில்லை. செத்தார் என்று தலைவரே சொன்னபின் உயிரோடிருப்பது கட்சி ஒழுங்குக்கு மாறானது.

இப்போது கடைச்சுவரில் தையற்காரரின் படம் மாலையோடு தொங்குகிறது. அதன் அடியிலேயே அமர்ந்து அவர் இயந்திரத்தை மிதிக்கிறார்.

"இந்த ஆளு யாருக்கா?" என்று கட்சிக்காரர்கள் கேட்பதுண்டு.

"வேலைக்கு வச்சிருக்கேன். வடக்கத்தி ஆளுதான், பயப்படாதீங்க."

அந்திப்பொழுதில் அவரே கடையைப் பூட்டுகிறார், மைத்துனன் வாங்கிவந்த அந்தப் பூட்டினால். நல்ல பூட்டு.